விழிக்க மறுத்த கணிப்பொறி



திருப்பூரில் பின்னல் துணியைச் சோதிக்கும் மேசை ஒன்றின் அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? அடியில் விளக்கு எரியும். மேலே துணி மெல்ல நகர்ந்து செல்லும். துணியில் நெடுக்காக, நேர்கோடு இழுத்தாற்போல் ஒரு குறை தெரிந்தால், பழகிய தொழிலாளி உடனே, "ஊசி போயிருக்குதுங்க" என்பார். குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால், "நூலைப் பாருங்க" என்பார். இதற்காக அவர் பின்னல் இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

இது எப்படி முடிகிறது? வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒவ்வோர் ஊசியும் துணியின் நெடுக்கே ஒரே வரிசையில் கண்ணிகளைப் பின்னுகிறது. ஓர் ஊசி பழுதானால் அந்த ஒரு வரிசை முழுவதும் கெடும். நூலோ துணியைச் சுற்றிக் குறுக்காக ஓடுகிறது. நூலின் பருமனோ தரமோ மாறினால் குறை குறுக்கில் தெரியும். இயந்திரம் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதை அறிந்தவருக்கு, குறையின் திசையே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதே அறிவைக் கொண்டு, விசையை அழுத்தியும் விழிக்காத ஒரு கணிப்பொறியை ஆராய முடியுமா? முடியும். எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். நான் செய்த ஒரு தவற்றையும் இதில் சொல்லப் போகிறேன். அதிலிருந்து நான் கற்றதை நீங்கள் செலவில்லாமல் கற்கலாம்.

சங்கிலியின் கண்ணிகள்

நூல், பின்னல், சாயம், கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் வரிசையாகப் பல கைகளைக் கடந்து உருவாவதைப் போலவே, கணிப்பொறியும் வரிசையாகப் பல படிகளைக் கடந்தே விழிக்கிறது. சுவரில் உள்ள மின்சாரம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிக்குள் நுழைகிறது. அது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகைக்கு மின்சாரம் தருகிறது. பலகையில் உள்ள செயலி தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. பிறகு நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. இறுதியில் வட்டிலிருந்து இயக்க முறைமையை ஏற்றுகிறது. இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றே: இருண்ட திரை.

இருண்ட திரையைக் கண்டதும் பலரும் கூறும் தீர்ப்பும் ஒன்றே: "மதர்போர்டு போச்சு!" இது நோயாளியின் நாடியைப் பிடிக்கும் முன்பே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பது போன்றது. நாம் அவ்வாறு செய்யாமல், சங்கிலியை முதல் கண்ணியிலிருந்தே பிடித்துச் செல்வோம்.

டெஸ்டர் சொல்லும் பாதி உண்மை

முதற்கண்ணி சுவரில் உள்ள பிளக் பாயின்ட். அதில் மின்சாரம் இருக்கிறதா என்று அறிய எலக்ட்ரீஷியன்கள் டெஸ்டரைச் செருகிப் பார்ப்பார்கள். அதனுள் இருக்கும் சிறிய நியான் விளக்கு செந்நிறமாக ஒளிர்ந்தால், "கரன்ட் இருக்கிறது" என்பார்கள். இந்த விடை சரிதானா?

டெஸ்டருக்குள் நியான் விளக்குடன் சுமார் பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் மின்னோட்டம் நம் உடல் வழியே தரைக்குச் சென்றாலும் நமக்கு ஆபத்து நேர்வதில்லை. அம்மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. அலுவலகக் கணிப்பொறிக்கோ அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகமான மின்னோட்டம் தேவை. மேலும் அது பேஸ் கம்பி வழியே வந்து நியூட்ரல் கம்பி வழியே திரும்பிச் செல்ல வேண்டும். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் என்ன ஆகும்? டெஸ்டர் அழகாக ஒளிரும். எந்தக் கருவியும் ஓடாது!

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. "இக்கம்பியில் மின்னழுத்தம் உண்டா?" என்ற கேள்விக்கு அது சரியான விடையைத்தான் தந்தது. "இங்கே ஒரு கருவி ஓடுமா?" என்று நாம் அதனிடம் கேட்கவே இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை வேண்டுமானால் அதே பிளக் பாயின்ட்டில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் சுற்று முழுமையாக இருக்கிறது என்று பொருள். எக்ஸ்டென்ஷன் பெட்டி, யு.பி.எஸ். ஆகியவற்றையும் அதே விளக்கைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

ஒரு சோதனை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது? இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இக்கேள்வி நம்முடன் வரும்.

திறக்கக் கூடாத பெட்டி

இரண்டாம் கண்ணி மின்வழங்கி. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். 230 என்பது அதன் பயன்மதிப்பே. அதன் உச்ச மதிப்பை அறிய 2-இன் வர்க்க மூலத்தால், அதாவது 1.414-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 325 வோல்ட். மின்வழங்கி இதை நேர்திசை மின்னோட்டமாகத் திருத்தி ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கிறது. பிறகு வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு சிறிய மின்மாற்றிக்கு அனுப்பி, 12, 5, 3.3 வோல்ட் என்னும் குறைந்த மின்னழுத்தங்களாக மாற்றித் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த மின்தேக்கியின் மின்தேக்குத் திறன் 330 மைக்ரோஃபாரட் எனக் கொள்வோம். ½CV² என்ற சூத்திரப்படி அதில் சேமித்துள்ள ஆற்றல் சுமார் 17 ஜூல். ஒரு கிலோகிராம் எடைக்கல்லை 1¾ மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் கிடைக்கும் ஆற்றல் இது! பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இந்த ஆற்றல் சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கக் கூடும். ஆகவே மின்வழங்கியின் பெட்டியை நீங்கள் ஒருபோதும் திறக்கலாகாது. அதில் பழுது என்று ஐயுற்றால், நல்ல நிலையில் உள்ள வேறொரு மின்வழங்கியைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே முறை.

இன்னொரு செய்தி. கணிப்பொறியின் முகப்பில் நாம் அழுத்தும் பொத்தான் உண்மையில் மின்சாரத்தை இணைக்கும் விசை அன்று. 1995-இல் அறிமுகமான ஏ.டி.எக்ஸ். அமைப்பில், பிளக் செருகியிருக்கும் வரை தாய்ப்பலகைக்கு 5 வோல்ட் எப்போதும் சென்றுகொண்டே இருக்கும். பொத்தான், "விழித்துக்கொள்" என்று பலகைக்குச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. பலகை அதை மின்வழங்கிக்குத் தெரிவிக்கும். பலகையில் சிறு விளக்கு ஒளிர்ந்தும், பொத்தானுக்குக் கணிப்பொறி அசையவில்லையெனில் "5 வோல்ட் இருக்கிறது" என்பதைத்தான் அவ்விளக்கு சொல்கிறது. 12 வோல்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. டெஸ்டரின் பாடம் இங்கும் பொருந்துகிறதல்லவா?

முதல் கட்டளை

பொத்தானை அழுத்தியவுடன் செயலி ஓடத் தொடங்குவதில்லை. மின்னழுத்தங்கள் யாவும் நிலைபெற்ற பின்பே மின்வழங்கி, "மின்சாரம் நலம்" என்னும் குறிப்பை அனுப்புகிறது. இதற்கு ஒரு வினாடியின் சிறு பகுதி ஆகிறது. அதுவரை செயலி கட்டிப்போட்ட கன்றைப்போல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

அவிழ்த்துவிட்டதும் அது எங்கே செல்லும்? அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறதே! இதற்காகவே நிலையான ஒரு முகவரி செயலியை வடிவமைக்கும்போதே குறிக்கப்பட்டுள்ளது. அங்கே மின்சாரம் இன்றியும் அழியாத சில்லு ஒன்றில் தொடக்க நிரல் காத்திருக்கும். பழைய கணிப்பொறிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணிப்பொறிகளில் யு.இ.எஃப்.ஐ. என்பர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்தே இச்செயலுக்கு 'பூட்' என்ற பெயர் வந்தது.

தொடக்க நிரல் முதலில் தன்னைச் சார்ந்த உறுப்புகளைச் சோதிக்கிறது. நினைவகம் விடை சொல்லவில்லையென்றால் திரையில் எழுதிக் காட்ட முடியாது. ஏனெனில் திரைக்கு வேண்டிய ஏற்பாடுகள் அதுவரை தயாராகியிருக்காது. ஆகவே ஒரு சிறிய ஒலிபெருக்கி வழியே 'பீப், பீப்' என்று ஒலியெழுப்பும். ஒலியின் நீளமும் எண்ணிக்கையும் ஒரு சங்கேத மொழி. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலகையின் கையேட்டில் காணலாம். இன்று பல கணிப்பொறிகளில் ஒலிக்குப் பதில் சிறு விளக்குகள் இவ்வேலையைச் செய்கின்றன. சிலவற்றில் ஒலிபெருக்கியைப் பொருத்துவதே இல்லை, அவை ஊமையாகிவிடுகின்றன.

நான் செய்த தவறு

இனி என் கதைக்கு வருவோம். என் முன்னாள் மாணவர் ஒருவர் திருப்பூரில் சிறிய நிட்டிங் ஜாப் ஒர்க் கூடம் நடத்துகிறார். பிறர் தரும் நூலைத் துணியாகப் பின்னிக் கொடுப்பது அவர் தொழில். பின்னல் இயந்திரங்கள் ஓடும் கொட்டகையிலேயே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் அவருடைய அலுவலகம். அங்கிருந்த ஒரே கணிப்பொறியில்தான் யார் எவ்வளவு நூல் கொடுத்தார்கள், எவ்வளவு துணி சென்றது, எவ்வளவு பணம் வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் இருந்தது. ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், பொட்டி ஓடமாட்டேங்குதுங்க. மதர்போர்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க. கணக்கெல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்குதுங்க."

மாலையில் சென்றேன். முதலில் அவர் அச்சத்தைப் போக்கினேன். கணக்கு இருப்பது வட்டில்; பலகையில் அன்று. பலகை உண்மையாகவே பழுதானாலும் வட்டை வேறு கணிப்பொறியில் பொருத்திக் கணக்கை எடுத்துவிடலாம். பிறகு பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது, திரை இருண்டே இருந்தது. பெட்டியில் ஒலிபெருக்கி இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நினைவகத் தகட்டைக் கழற்றி மீண்டும் செருகினேன். கூடவே, கடிகாரத்தை ஓட வைக்கும் 3 வோல்ட் நாணய மின்கலத்தையும் புதிதாக மாற்றினேன். பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது! "மின்கலம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று பெருமையுடன் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை மீண்டும் தொலைபேசி. மீண்டும் இருண்ட திரை.

நான் செய்த தவறு உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தேன். பலன் எதனால் விளைந்தது என்று எனக்குத் தெரியாது. ஆயினும் தெரிந்ததுபோல் பேசினேன். ஊசலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒருசேர மாற்றி அலைவு நேரத்தை அளக்கும் மாணவனை ஆய்வுக்கூடத்தில் நான் திருத்தாத ஆண்டில்லை!

இம்முறை பொறுமையாகத் தொடங்கினேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தின் பழைய கணிப்பொறியிலிருந்து ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டுசென்று பலகையில் பொருத்தினேன். நினைவகத் தகட்டை அடியோடு எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'பீப்... பீப்... பீப்...' என்று விடாமல் ஒலித்தது! நினைவகம் இல்லை என்று முறையிட வேண்டுமானால், செயலி ஓட வேண்டும். தொடக்க நிரல் படிக்கப்பட வேண்டும். பலகைக்குச் சரியான மின்சாரம் கிடைக்க வேண்டும். 'இறந்துபோன' பலகை உயிருடன் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து, தகட்டை இரண்டாவது இடுக்கில் செருகினேன். கணிப்பொறி விழித்தது. அணைத்து, அதே தகட்டை மீண்டும் முதல் இடுக்கில் செருகினேன். இருள். மீண்டும் இரண்டாவது, ஒளி. தகடு நலம், குறை முதல் இடுக்கில்தான். கைவிளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு பார்த்தபோது உண்மை விளங்கியது. இடுக்கின் அடியில் பஞ்சு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது.

பஞ்சும் ஈரமும்

பின்னல் ஊசிகளில் உராய்ந்து ஓடும் பருத்தி நூல் நுண்ணிய இழைகளை ஓயாமல் உதிர்க்கிறது. கொட்டகையில் வெள்ளையாகப் பறப்பது அதுவே. கணிப்பொறியின் விசிறி காற்றை உறிஞ்சும்போது பஞ்சும் உடன் செல்கிறது. அந்தக் கணிப்பொறியின் நினைவகத் தகட்டில் 240 தொடுமுனைகள் உண்டு. அருகருகே உள்ள இரு முனைகளுக்கிடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர். பருத்தி இழையின் பருமனோ ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். முனைக்கும் தொடுகம்பிக்கும் இடையே சில இழைகள் புகுந்தாலே தொடர்பு தளர்ந்துவிடும். முந்தைய மாலையில் நான் தகட்டைக் கழற்றிச் செருகியபோது பரப்புகள் உரசித் தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்தது. பஞ்சோ அங்கேயே இருந்தது.

பருத்திக்கு வேறொரு குணமும் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8½ கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இது இன்னும் மிகும். உலர்ந்த பருத்தி நல்ல மின்காப்பான். ஈரப் பருத்தி அப்படியன்று.

பஞ்சு மற்றொரு தீங்கும் செய்யும். செயலியின்மேல் உள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளிகளை அடைத்து, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். செயலி சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணிப்பொறி அணைந்துவிடும். ஆனால் அக்குறையின் அடையாளம் வேறு: கணிப்பொறி விழித்து, சிறிது நேரம் ஓடி, பிறகு அணையும். ஊசிக் குறையும் நூல் குறையும் வெவ்வேறு திசையில் தெரிவதைப் போலவே இதுவும்.

இடுக்கை மென்மையான உலர்ந்த தூரிகையாலும், கையால் அமுக்கும் ரப்பர் ஊதியாலும் தூய்மை செய்தேன். துடைப்பதற்கென்று கூடத்தில் பனியன் வேஸ்ட் கொடுத்தார்கள். மெக்கானிக்குகள் எல்லாரும் விரும்பும் துணிதான். ஆனால் அதுவே பஞ்சு உதிர்க்குமே! நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். சிலர் தகட்டின் தொடுமுனைகளை ரப்பரால் அழுத்தித் தேய்ப்பதுண்டு. அங்குள்ள தங்கப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லியது, தேய்த்தால் போய்விடும்.

தகட்டை முதல் இடுக்கில் செருகினேன், கணிப்பொறி விழித்தது. இறுதியாக ஒன்று செய்தேன். குற்றவாளி என்று நான் தீர்ப்பளித்திருந்த பழைய மின்கலத்தையே திரும்பப் பொருத்தினேன். கணிப்பொறி அப்போதும் விழித்தது, கடிகாரமும் ஓடியது. அந்த மின்கலத்தின் மேல் பழி சுமத்தியவன் நான்தான் என்று மாணவரிடம் ஒப்புக்கொண்டேன். அன்றே கணக்கு முழுவதற்கும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வைத்தார். கணிப்பொறியும் பிளைவுட் தடுப்பிலிருந்து கொட்டகைக்கு வெளியே உள்ள அறைக்கு இடம் மாறியது.

1947-இன் விட்டில் பூச்சி

இத்தகைய குறை புதியதன்று. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கணிப்பொறி தவறாக இயங்கியது. அதில் கணக்கிடும் உறுப்புகள் ரிலே எனப்படும் மின்காந்த விசைகள். பொறியாளர்கள் தேடிச் சென்று, ரிலே ஒன்றினுள் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டனர். அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, குறிப்பும் எழுதினர். குறையைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. இங்கே உண்மையான பூச்சியே அகப்பட்டது. அவர்கள் 'மார்க் 2 பழுது' என்று எழுதி நிறுத்தவில்லை. எந்த ரிலே என்பதையும் எழுதிவைத்தார்கள்.

அடையாளங்கள்

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ கணிப்பொறி விழிக்காதபோது, இவ்வரிசையை நினைவில் கொள்ளுங்கள்.

1. விளக்கில்லை, விசிறியில்லை, ஓசையில்லை: பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பெட்டி, மின்கம்பி, மின்வழங்கி.

2. விசிறி சுழல்கிறது, திரை இருள்: முதலில் திரையின் மின்சாரமும் இணைப்புக் கம்பியும், பிறகு நினைவகம், அதற்குப் பின்பே பலகை.

3. ஒலியோ விளக்குக் குறியோ வருகிறது: பலகை உயிருடன் உள்ளது, கையேட்டைப் பாருங்கள்.

4. திரையில் எழுத்துகள் வருகின்றன, பிறகு நின்றுவிடுகிறது: வட்டு அல்லது இயக்க முறைமை.

5. சிறிது ஓடி அணைகிறது: வெப்பம், பஞ்சையும் தூசியையும் பாருங்கள்.

6. தேதியும் நேரமும் மட்டும் தவறுகின்றன: நாணய மின்கலம்.

பெட்டியைத் திறக்குமுன் ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததையும் கண்டதையும் ஒரு நோட்டில் உடனுக்குடன் எழுதுங்கள்.

சிந்தியுங்கள்

1. ஒரு பிளக் பாயின்ட்டின் இரு துளைகளிலும் டெஸ்டர் ஒளிர்கிறது. அதில் பொருத்திய விளக்கு ஒளிரவில்லை. நியூட்ரல் கம்பி எங்கே அறுந்திருக்கும்? இரண்டாவது துளை ஒளிரக் காரணம் என்ன? விடையைப் படம் வரைந்து விளக்குங்கள். பிளக் பாயின்ட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

2. நினைவகத் தகட்டை எடுத்த பின்னும் ஒலி வராவிட்டால், "பலகை பழுது" என்று உறுதியாகச் சொல்லலாமா? வேறு என்னென்ன காரணங்கள் இருக்கக் கூடும்?

3. முதல் இடுக்கில் இருள், இரண்டாவதில் ஒளி என்பதை நான் ஏன் ஒருமுறைக்கு மேல் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டவர்கள், என் முதல் நாள் தவற்றைச் செய்ய மாட்டார்கள்.